வெள்ளைத் தண்ணீரில் விழப் பழகியது

"கதிரையில இருந்து கதைக்கத்தான் ஒனக்கு ஏலும். தண்ணிக்கு மேல நிக்க ஏலாது."

இதைச் சொன்னவர் என் நானா, கூடப் பிறந்த அண்ணன். கற்பிட்டியில், சுற்றுலா வருகிறவர்களுக்கு நீர் விளையாட்டுகள் பழக்கும் ஒரு நிலையத்தில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். அவர் பாதுகாப்புப் படகு ஓட்டினார். நான் வரவேற்பு மேசையில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். வாப்பா களப்பின் ஆழமில்லாத உப்புத் தண்ணீரில் இறால் பிடிப்பவர், இன்றைக்கும் பெருவிரல் அடையாளம் வைப்பவர். நானா சின்ன வயதிலேயே புத்தகத்தை விட்டுவிட்டுப் படகில் ஏறியவர். உயர்தரப் பரீட்சை எழுதி, சிங்களமும் ஆங்கிலமும் பேசி, அந்தக் கதிரையில் போய் உட்கார்ந்ததில் எனக்குப் பெருமை இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஆனால் அதிலேயே இருந்துவிடு என்று இன்னொருவர் சொன்னபோது கோபம் வந்தது.

நானா அப்படிச் சொன்னதற்குக் காரணம், அன்று காலை நான் முதலாளியிடம் போய்க் கேட்டதுதான். பலகையில் நின்றபடி துடுப்புப் போடும் விளையாட்டுக்கு ஒரு பெண் பயிற்றுநரை அவர் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் பலருக்கு அதில் ஆசை, ஆண் பயிற்றுநரிடம் பழக வீட்டில் விடமாட்டார்கள். "நான் பழகினால் அந்த வேலையை எனக்குத் தருவீர்களா?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். காற்றுக்காலம் முடிவதற்குள் வாய்க்காலைக் கடந்து காட்டினால் தருகிறேன், இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுப்பேன் என்றார்.

வாய்க்கால் என்று நாங்கள் சொல்வது, களப்புக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டை அறுத்துக்கொண்டு ஓடும் ஒடுங்கிய வழியை. கடல் வற்றும் நேரத்தில் களப்புத் தண்ணீர் அதற்குள்ளால் வெளியே பாயும். கச்சான் காற்று கடலிலிருந்து அதை எதிர்த்து வீசும். இரண்டும் மோதும் இடத்தில், அடியில் கிடக்கும் கற்களின் மேல், தண்ணீர் வெள்ளையாகக் கிளம்பிக் குதிக்கும். பழக வருகிறவர்களின் பலகைகள் சில நேரம் அந்தப் பக்கமாக இழுபட்டுப் போய்விடும். ஆகவே அங்கே போய் வரத் தெரியாத ஒருவர் பயிற்றுநராக இருக்க முடியாது.

என்னைப் பழக்கியவர் மலைநாட்டு ஆற்றங்கரையிலிருந்து அந்தப் பருவத்துக்கு மட்டும் வேலைக்கு வந்திருந்த ஒரு சிங்கள அக்கா. என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். எங்கள் பேச்சு சிங்களத்தில் நடக்கும். என்னை "நங்கி", தங்கச்சி, என்பார். ஆற்றின் வெள்ளைத் தண்ணீரில் பலகை ஓட்டியே வளர்ந்தவர் அவர். கடலைக் கண்டால்தான் அவருக்குப் பயம்.

நான் போட்டுக்கொண்டு போன தொளதொளத்த காற்சட்டை தண்ணீர் நிரம்பிப் பலூன் போல ஊதியது என்று நானா வீட்டில் சொல்லிச் சிரித்தார். மறுநாள் எழும்பிப் பார்த்தால் அதன் கால்களை உம்மா ஒடுக்கித் தைத்து வைத்திருந்தார். "ஊர் என்ன செல்லுமோ தெரியா. தண்ணிக்குள்ள தாண்டு போகாம வந்து சேரு" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

களப்பில் நிற்பது எனக்குப் பெரிய வேலையாக இருக்கவில்லை. வாப்பாவின் தோணியில் நின்று கம்பு ஊன்றித் தள்ளிய கால்கள் இவை. சுற்றுலாக்காரர் நாள் முழுக்க விழுந்து எழும்புகிற பலகையில் நான் முதல் நாளே நிமிர்ந்து நின்றேன். முழங்காலை இளக்கி, துடுப்பைத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருக்கச் சொன்னார் அக்கா. செய்தேன். நானாவின் படகுக்குப் பக்கத்தால் வேண்டுமென்றே இரண்டு தரம் போனேன். அவர் தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு தூங்குகிறவர் போலக் கிடந்தார்.

அந்தத் துணிச்சலில்தான் வாய்க்காலுக்குள் இறங்கினேன். முக்காட்டுக்கு மேல் தலைக்கவசம். பலகையையும் என்னையும் இணைக்கும் கயிறு காலில் அல்ல, இடுப்பில், ஒரே இழுப்பில் கழன்றுவிடும் கொளுக்கியோடு. முதல் அலை பலகையின் மூக்கைத் தூக்கியதும் என் கைகள் பழக்கத்தில் துடுப்பைக் கீழே ஊன்றின. துடுப்பு கல்லில் மாட்டியது. பலகை போனது, நான் விழுந்தேன். விழுந்ததும் களப்புப் பிள்ளைகள் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். காலை ஊன்றி எழும்பி நின்றேன்.

தண்ணீர் இடுப்பளவுதான். ஆனால் ஒரு கால் இரண்டு கற்களுக்கு நடுவே இறங்கிவிட்டது. பின்னாலிருந்து வற்றுத் தண்ணீர் என்னை முகங்குப்புறத் தள்ளியது. முன்னால் போன பலகை இடுப்பைப் பிடித்து இழுத்தது. இடுப்பளவு தண்ணீரில் ஆள் மூழ்கலாம் என்று அப்போதுதான் விளங்கியது. அக்கா கரையிலிருந்து "கயிறு, கயிறு" என்று கத்தினார். கொளுக்கியை இழுத்தேன். பலகை போனதும் உடம்பு கொஞ்சம் இளகியது, கால் கழன்றது. நானா படகை முடுக்கி வந்து, வாய்க்காலைத் தாண்டிய இடத்தில் என்னைச் சட்டையில் பிடித்துத் தூக்கினார்.

கரைக்கு வந்ததும் நானா, "கதிரை அங்கதான் இரிக்கி. ஒருத்தரும் எடுக்கல்ல" என்றார். நையாண்டி செய்யத்தான் பார்த்தார், சரியாக வரவில்லை.

அக்கா என் கணுக்காலைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நங்கி, உனக்கு நிற்கத் தெரியும். விழத் தெரியாது. ஓடுகிற தண்ணீரில் விழுந்தால் நிற்கக் கூடாது. மல்லாந்து படு, கால் இரண்டையும் மேலே தூக்கு, அது கொண்டுபோகட்டும்."

பிறந்ததிலிருந்து விழுந்தால் நில் என்று கேட்டு வளர்ந்தவளுக்கு இதைவிடக் கடினமான பாடம் இல்லை. அதற்குப் பின் வேலை முடிந்த பின்னேரங்களில் களப்பு ஓரத்தில் வேண்டுமென்றே விழுந்தேன். பக்கமாக, பின்பக்கமாக, மூக்கில் உப்புத் தண்ணீர் ஏற ஏற. விழுந்ததும் கால்களைத் தூக்கி மிதந்தேன். ஒரு நாள் வீச்சு வலையோடு போன ஒரு மாமா நின்று பார்த்தார்.

"மகள், எழும்பி நில்லுங்க. தண்ணி முழங்காலுக்குத்தான்."

"தெரியும் மாமா. நிக்கக் கூடாதாம்."

"யாரு சென்ன?"

"அக்கா."

அவர் பின்னால் வந்தவரிடம் திரும்பி, "வாசிக்கத் தெரிஞ்ச புள்ள. நிக்கத் தெரியல்ல பாவம்" என்று உண்மையான கவலையோடு சொல்லிக்கொண்டு போனார். நான் சிரித்ததில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் குடித்தேன்.

காற்றுக்காலம் முடியப் போகும் ஒரு வற்று நேரத்தில் முதலாளி மணல்திட்டில் வந்து நின்றார். நானா வாய்க்காலின் கடல் வாசலில் படகை நிறுத்திக் காத்திருந்தார். வெள்ளைக்கு நடுவே கண்ணாடி போல ஒரு வழுவழுப்பான நாக்கு நீண்டு கிடக்கும், தண்ணீர் ஆழமாக ஓடும் வழி அதுதான் என்று அக்கா காட்டித் தந்திருந்தார். அதில் பலகையை விட்டேன். ஒரு காலைப் பின்னுக்கு வைத்து, துடுப்பை ஊன்றாமல், தண்ணீரைப் பிடித்து இழுத்தேன். முதல் அலை, அடுத்தது, அதற்கடுத்தது. பிறகு ஒன்று பக்கவாட்டில் வந்து அடித்து என்னைத் தள்ளியது.

கால்கள் கீழே தேடின. ஒரு கணம்தான். பிறகு தாமாகவே மேலே வந்தன. என் இரண்டு பாதங்களையும் வானத்துக்கு எதிரே கண்டேன். கற்கள் முதுகுக்குக் கீழே எங்கோ கடந்து போயின. கயிற்றைப் பிடித்துப் பலகையை இழுத்தேன், வயிற்றால் ஏறினேன், முழங்காலில் நின்றேன், எழும்பினேன். கடைசி வெள்ளை அலைகள் இன்னும் முன்னால் இருந்தன. அவற்றை நின்றபடியே கடந்து கடலுக்குள் போனேன்.

நானாவின் படகுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். உட்காரவில்லை.

அவர் என்னைப் பார்க்காமல் இயந்திரத்தைக் கிளப்பினார். "உம்மாட்ட நான்தான் செல்லுவன். நீ வாயத் திறக்கக் கூடாது" என்றார். அன்றிரவு சோற்றுக்கு முன்னால் அவர் சொன்ன கதையில் அலைகள் தென்னை உயரம் இருந்தன. நான் திருத்தவில்லை.

மறுவாரம் பயிற்றுநர் சட்டை கிடைத்தது. முதல் வகுப்பில் ஊர்ப் பிள்ளைகள் சிலரும் ஓர் ஆசிரியையும் வந்தார்கள். பருவம் முடிந்து அக்கா ஊருக்குப் போகும்போது, "உன் வாய்க்கால் ஒரு சின்னத் துண்டு. ஆறு என்றால் நாள் முழுக்க அப்படி ஓடும், வந்து பார்" என்றார். முதலாளியிடம் விடுமுறை கேட்டேன். காற்றூதி நிரப்பும் பலகையின் காற்றை இறக்கி, சுருட்டிப் பையில் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினேன். நுரைச்சோலையில் ஏறிய ஒருவர், இது என்ன கூடாரமா என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன், புத்தளம் வரை.

இதை அக்காவின் வீட்டில் இருந்து எழுதுகிறேன். ஆறு மண்ணிறமாக, நான் நினைத்ததைவிட அகலமாக ஓடுகிறது. இன்று காலை அதன் முதல் வளைவைப் பலகையில் கடந்துவிட்டேன்.