சித்திரை வெயிலில் கம்பளி சாக்ஸ்

எனக்கு யாரிடமும் வலியப் போய்ப் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வாயைத் திறந்தால் தப்பாகிவிடும் என்ற பயம். ஒரு நாள் திறந்தேன், தப்பாகத்தான் ஆனது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் சித்திரை வெயில். சுகர் மாத்திரைக்காக ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒல்லியான ஒரு பெண், மடியில் ஏழு வயது மகள். அந்தப் பிள்ளையின் காலில் கம்பளி சாக்ஸ்.

"வேகுற வெயில்ல இது எதுக்கும்மா? கழட்டிவுடு" என்று சொல்லி, கையிலிருந்த சீட்டால் விசிறவும் ஆரம்பித்தேன்.

அவள் பதில் சொல்லாமல் மகளின் மார்பையே பார்த்தாள். கோபம் போலிருக்கிறது என்று குறுகிப்போனேன்.

சற்றுப் பொறுத்துத்தான் பேசினாள். "தப்பா நெனைக்காதீங்கம்மா. இவ நடுநடுவுல மூச்ச நிறுத்திடுவா. மூச்சு திரும்பி வர்ற வரைக்கும் எனக்குப் பேச வராது. நரம்புக் கோளாறுங்க, எங்கியோ ஒருத்தருக்குத்தான் வருமாம். வெயிலு குளிரு கூட ஒடம்புக்குத் தெரியல. சாக்ஸுக்குள்ள கைய வுட்டு கால தொட்டுப் பாருங்க."

பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்றிருந்தது. அதற்குத்தான் நான் விசிறிக்கொண்டிருந்தேன்.

"செத்த நேரம் இவள வச்சிக்கினு இருங்க. மூச்சு நின்னா பயந்துடாதீங்க, தானா வந்துடும்" என்று பிள்ளையை என் மடியில் கிடத்திவிட்டு, எதிரே இருந்த மருந்து ஜன்னலுக்குப் போனாள்.

உடனே மூச்சு நின்றது. பார்க்கத் தைரியமில்லாமல், சாக்ஸ் காலைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

அவள் வந்து தோளைத் தொட்டாள். "அவ அப்பவே மூச்சு வுட ஆரம்பிச்சிட்டா. நீங்களும் மூச்ச வுடுங்கம்மா" என்று சிரித்தாள்.

நாளெல்லாம் இதையே பார்த்திருப்பவளுக்கு அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்ததோ, இன்னும் எனக்குத் தெரியவில்லை.