யாரும் தொடாத புள்ளி

எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. அமுதாவால்தான் எல்லாம் வந்தது என்று நாகலூரில் இப்போதும் சிலர் பேசுகிறார்கள். என் முன்னால் வந்து சொல்லட்டும்.

அமுதா எங்கள் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள். அவள் அம்மா காப்பிப் பழம் பறித்துத்தான் அவளைச் சேலத்தில் கம்ப்யூட்டர் படிக்க வைத்தாள். படித்தவள் எஸ்டேட் ஆபீசிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். முன்கோபக்காரி. ஆனால் யார் போனை நீட்டினாலும் திட்டிக்கொண்டே சரிசெய்து கொடுப்பாள்.

போன வருஷம் எஸ்டேட் கைமாறி, ஜீவானந்தம் என்ற புது மேனேஜர் வந்தார். நிரந்தர ஆட்களுக்கு மட்டும்தான் லைனில் வீடு, சீசன் ஆட்கள் காலி செய்ய வேண்டும், அதனால் எல்லோரும் வெப்சைட்டில் விவரம் போடுங்கள் என்றார். கேள்விகளை அமைத்தது அமுதா. நிரந்தரமா, சீசனா என்று கேட்டு, கீழே இரண்டு வட்டம். ஒன்றைத் தொட்டால் அதில் புள்ளி விழும், மற்றதில் இருப்பது போய்விடும். முதலில் இரண்டையும் காலியாகத்தான் வைத்திருந்தாள். பாதிப்பேர் சீசன்தானே, அதிலேயே புள்ளி இருக்கட்டும், சீக்கிரம் முடியும் என்றார் மேனேஜர். அவளும் வைத்துவிட்டாள்.

எங்கள் ஜனத்தைப் பற்றி அந்த மனுஷருக்கு என்ன தெரியும்? காலையில் பேர் கூப்பிடும்போது பேரேட்டில் புள்ளி வைப்பது கணக்கு எழுதும் ரைட்டர். அவர் வைத்ததை யாரும் தொடமாட்டோம், தொட்டால் அன்றைய கூலி போச்சு. போனிலும் புள்ளி முன்பே இருந்ததா, ஆபீஸ் பார்த்து வைத்தது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டு இன்பமேரியும் விட்டுவிட்டாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் நிரந்தரம். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து திரும்பினால், வீட்டைக் காலி செய்யச் சொல்லி அவள் கதவிலும் காகிதம்.

பழைய பதிவெல்லாம் ஆபீஸ் அலமாரியில் தூங்குகிறது. எடுத்துப் பார்க்கக் கை வலிக்குமோ?

மறுநாள் காலை காப்பி காயப்போடும் களத்தில் எல்லோரும் கூடி நின்றோம். கம்ப்யூட்டர் சொல்வதை நான் மாற்ற முடியாது என்று மேனேஜர் கையை விரித்தார். அமுதா முன்னால் வந்தாள்.

"அந்தப் புள்ளியக் கம்ப்யூட்டர் வெக்கலைங்க சார். நீங்க வெக்கச் சொன்னீங்க, நாந்தான் வெச்சேன். இவங்க தொடமாட்டாங்கன்னு தெரிஞ்ச நானே வெச்சுப்போட்டேன்."

உனக்கு வேலை வேண்டுமா வேண்டாமா என்றார் அவர்.

"அதுக்கும் ரெண்டு வட்டம் போடட்டுங்களா?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். மேனேஜர் முகம் கறுத்தது. அமுதா அங்கேயே கையிலிருந்த லேப்டாப்பைத் திறந்து, புள்ளியை எடுத்தாள். ஏதாவது ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த கேள்வி வரும் என்று மாற்றினாள். பிறகு இன்பமேரியிடம் போனை நீட்டினாள். அவள் விரல் அந்தரத்தில் நின்றது.

"தொடலாமா கண்ணு?"

"தொடுங்கக்கா. இது ரைட்டர் வெக்கற புள்ளி இல்லீங்க, நீங்க வெக்கறது."

இன்பமேரி வைத்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வைத்தார்கள். கதவிலிருக்கும் காகிதம் போகாமல் ஒருத்தியும் காப்பிக் காட்டுக்குள் இறங்கமாட்டோம் என்று நான்தான் சொன்னேன். யாரும் கூடையை எடுக்கவில்லை.

வெயில் ஏறும் முன் அலமாரி திறந்து பழைய பதிவு வெளியே வந்தது. ஆபீஸ் ஆளே வந்து காகிதங்களைக் கிழித்தான். பசை மட்டும் இன்பமேரி கதவில் காய்ந்து கிடக்கிறது. துடைத்துவிடுகிறேன் என்று அவள் ஈரத்துணியோடு வந்தாள். நான் விடவில்லை. ஒட்டச் சொன்னவர் வந்து துடைக்கட்டும்.