பந்தாட்டத் திரைக்கு வைத்துத் தைத்த கருப்புத் துணி

1. நடுத் தையல்

நான் தைத்த முதல் திரையில் பந்து தடுக்கி விழுந்தது.

மேற்குத் தாம்பரத்தில் பந்தல், சாமியானா வாடகைக்கு விடுகிற கடையில் எனக்குத் தையல் வேலை. சாமியானா தைப்பேன், கிழிந்தால் ஒட்டுப் போடுவேன், கல்யாண மேடைக்கு ஃபிரில் வைப்பேன். ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. படப்பையிலிருந்து கல்யாணமாகி வந்தவள். என் வீட்டுக்காரருக்கும் அதே கடையில்தான் வேலை. சவுக்குக் கம்பு நட்டு, மேலே ஏறிக் கயிறு கட்டுவார்.

நான் சேர்ந்த இரண்டாவது மாதம் பெனடிக்ட் என்று ஒருவர் கடைக்கு வந்தார். ரயில்வேயில் ஃபிட்டர். குடியிருப்புப் பக்கத்து மைதானத்தில் பந்து ஆடுகிறவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள், அதற்கு அவர்தான் செயலாளர். உலகக் கோப்பை ஃபைனலை மைதானத்தில் எல்லோருக்கும் காட்டப் போகிறோம், புரொஜெக்டருக்குச் சொல்லியாகிவிட்டது, பதினெட்டு அடிக்குப் பத்தடி வெள்ளைத் திரை வேண்டும் என்றார். முதலாளி என் பக்கம் கையைக் காட்டினார்.

காடாத் துணியில் ஒரு பன்னா, அதாவது துணியின் அகலம், ஐந்தடிக்குக் கொஞ்சம் கூட இருக்கும். இரண்டு பன்னாவை நீளவாட்டில் ஜோடித்தால் பத்தடி. சுலபமான வேலை என்று ஒரே மத்தியானத்தில் முடித்துக் கொடுத்துவிட்டேன்.

ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம் ஆகவில்லை, மைதானத்தில் கூச்சல். தையல் திரையின் நட்டநடுவில் குறுக்கே ஓடியது. காற்று வரும்போதெல்லாம் அந்த மடிப்பு புடைத்துக்கொண்டது. மேலேயிருந்து வருகிற பந்து அந்த இடத்தில் ஒரு குதி குதித்துவிட்டுத்தான் கீழே இறங்கியது. ஓடுகிறவர்களுக்கு இடுப்பு மடிந்து மடிந்து நிமிர்ந்தது.

"யார்ப்பா டெய்லரு? பந்து தடுக்கி வுழுதுப்பா!"

"கோல்கீப்பருக்கு இடுப்பு புடிச்சிகிச்சு! தைலம் எட்னு வாங்க!"

கயிறு தளர்ந்தால் சொல்வதற்காக வீட்டுக்காரர் என்னைத் திரைக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார். நல்லதாகப் போயிற்று. யார் கண்ணிலும் படாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் முதலாளி திட்டவில்லை. "பாக்கியம், சாமியானாவுல தையல் எங்க வந்தாலும் எவனும் பாக்கப் போறதில்ல. இது வேறம்மா. ஜனங்க கண்ணு எங்க நிக்குமோ அங்க தையல் வரக் கூடாது," என்றார்.

அடுத்த முறை ஒரு பன்னாவை முழுசாக நடுவில் வைத்தேன். இன்னொரு பன்னாவை நீளவாட்டில் இரண்டாகக் கிழித்து, பாதியை மேலேயும் பாதியைக் கீழேயும் ஜோடித்தேன். அதே துணிதான். தையல் ஒன்றுக்கு இரண்டாகிவிட்டது, ஆனால் மேல் தையல் படத்தில் கூட்டம் உட்கார்ந்திருக்கிற இடத்தில் போனது. கீழ்த் தையல் விளம்பரப் பலகை வருகிற இடத்தில் போனது. ஆட்டம் நடக்கிற இடம் சுத்தமாக இருந்தது. அகலமான திரை தைக்கிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2. எழுபத்தொன்றாம் நம்பர்

சங்கத்தில் ஃபைனலை மட்டும்தான் காட்டுவார்கள். நாலு வருடத்துக்கு ஒரு நாள். அந்த ஒரு நாளுக்காக நான் காத்திருக்கத் தொடங்கிவிட்டேன் என்று சொன்னால் அப்போது யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். நான் யாரிடமும் சொல்லவும் இல்லை.

நான் பார்த்த ஆட்டமெல்லாம் திரைக்குப் பின்னால் இருந்து பார்த்ததுதான். காடாத் துணி மெல்லிசு. முன்னால் விழுகிற படம் பின்பக்கமும் தெரியும், இடம் வலம் மாறி. முன்னால் நூறு இருநூறு ஆண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு நடுவில் போய் உட்கார எனக்குக் கால் வராது. பின்னால் நானும் கம்பும் கயிறும்தான். கைதட்டல் துணியைத் தாண்டிவரும்.

வீட்டுக்காரர் முதல் வரிசையில் இடது ஓரம், கயிற்றுக்குப் பக்கத்தில் உட்காருவார். ஒவ்வொரு முறையும் ஆட்டம் ஆரம்பிக்கும் முன் பின்னால் வந்து கூப்பிடுவார்.

"வாயேன் பாக்கியம். பக்கத்துல சேர் கீது. வந்து குந்து."

"அத்தினி ஆம்பளைங்க நடுவுலயா? நீ போய் குந்து."

"ஆட்டத்தைத் தான் பாப்பானுங்க. உன்ன எவன் பாக்கப் போறான்?"

"போய்யா."

ஆட்டம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது எங்களுக்குள் சண்டை நடக்கும். நான் இடது கால் என்பேன், அவர் வலது கால் என்பார்.

"அந்த எழுபத்தொண்ணு நல்லா ஓடுறான்," என்றேன் ஒரு முறை.

அவர் ரோட்டிலேயே நின்றுவிட்டார். "எழுபத்தொண்ணா? பதினோரு பேர் ஆடுற ஆட்டத்துல எழுபத்தொண்ணு எங்கேந்து வந்தான்? பதினேழும்மே அவன்!"

அப்புறம் வீடு வரைக்கும் ஒவ்வொரு கோலையும் எனக்குத் திருப்பிப் போட்டுச் சொல்வார். இந்தப் பக்கத்திலிருந்து வந்தான், இந்தக் காலால் தட்டினான், இந்த மூலையில் போனது என்று கையை ஆட்டி ஆட்டிக் காட்டுவார். ஆட்டத்தை நான் இரண்டு தடவை பார்த்த மாதிரி இருக்கும்.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது திரை கட்டின நாளில் புரொஜெக்டர்காரர் என்னிடம் சொன்னார்: "ஏம்மா, பின்னாடி ஒரு கருப்பு காட்டன் வச்சுத் தச்சீங்கன்னா வெளிச்சம் ஒழுகாது. படம் பளிச்சுனு நிக்கும்." எனக்கு உடனே புரிந்தது. கருப்புத் துணி வைத்தால் முன்னால் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். பின்னால் இருப்பவளுக்கு ஒன்றும் தெரியாது. அதை முதலாளியிடமும் சொல்லவில்லை, பெனடிக்ட்டிடமும் சொல்லவில்லை. படம் மங்கல் என்று கூட்டத்தில் யாராவது ஒருவர் ஒவ்வொரு முறையும் சொல்லத்தான் செய்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் பீடியைப் பற்றவைத்தார்.

அவர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு வந்த ஃபைனலையும் திரைக்குப் பின்னால் இருந்துதான் பார்த்தேன். முடிந்து தனியாக வீட்டுக்கு நடந்தேன். யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்தது. எந்தக் காலால் அடித்தான் என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை.

அன்று ராத்திரி முடிவு செய்தேன். அடுத்த ஃபைனலை முன்னால் உட்கார்ந்து பார்ப்பது என்று.

3. பிரியாணிப் பொட்டலம்

நாலு வருடம் அந்த நினைப்போடு போனது. மிஷின் மிதிக்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை, இந்தத் திரையோடு வேலையை விடுவதாக முதலாளியிடம் சொல்லிவிட்டேன். புதுக் காடாவில் திரை தைத்தேன். பின்னால் கருப்பு காட்டன் வைத்து, நாலு ஓரமும் கெட்டித் தையல் போட்டேன். பின்னால் ஓடிப்போகிற வழியை நானே அடைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான்.

பெனடிக்ட் ரிடையர் ஆகி நரைத்துவிட்டார். திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, இந்தத் தடவ கனமா கீது?" என்றார்.

"படம் நல்லா தெரியும்," என்றேன். அவர் கருப்புத் துணியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபைனலுக்கு முந்தின நாள் சாயங்காலம் சங்கத்துக்காரர்கள் கடை வாசலில் கூடினார்கள். நாற்காலி எத்தனை, பெஞ்சு எத்தனை என்று பேசத்தான் கூடினார்கள். பேச்சு வேறு பக்கம் போனது.

உலகக் கோப்பையை நடத்துகிற பெரிய சங்கத்தைப் பற்றி அவர்களுக்குப் பல வருடமாக ஆத்திரம். எந்த நாட்டில் போட்டி என்று ஓட்டுப் போடுகிற பெரிய மனிதர்கள் காசு வாங்கினார்கள் என்று பேப்பரில் வந்ததெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஒவ்வொரு முறையும் திட்டுவார்கள். திட்டிவிட்டு ஆட்டத்தைப் பார்ப்பார்கள். அன்றைக்கு செல்வம் வாயைத் திறந்தார்.

செல்வம் முன்பு அந்த மைதானத்தில் ரெஃப்ரி. ஒரு டீம்காரர்கள் ஆட்டத்துக்கு முன்னால் கொடுத்த பிரியாணிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார் என்று சங்கத்தில் அவருடைய விசிலை வாங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் கோட்டுக்கு வெளியே நின்று ஆட்டம் பார்க்கிறவர்.

"ஒரு பொட்டலம்," என்றார். "அதுவும் பாதிதான் துன்னேன். தப்புதான், ஒத்துக்கினேன். இத்தினி வருசமா விசில கையால தொடல. நாளைக்கு அவனுங்க கோட்டு சூட்டு மாட்டிகினு கப்பு குடுப்பானுங்க. நீங்கல்லாம் எழுந்து நின்னு கை தட்டுவீங்க. இன்னா நியாயம்பா இது?"

அப்புறம் ஒருவர், "துட்டு வாங்குனது அவனுங்க. ஆடுறவன் இன்னாண்ணே பண்ணான்? நாலு வருசம் காத்துகினு கீறோம்," என்றார்.

"நாம பாக்கலன்னா அவனுக்கு இன்னா நஷ்டம்?" என்றார் இன்னொருவர். "தாம்பரத்துல ஒரு துணி காலியா இருந்துச்சுன்னு அவனுக்குத் தெரியவா போவுது?"

பெனடிக்ட் தலையை ஆட்டினார். "அவனுக்குத் தெரியாதுப்பா. செல்வத்துக்குத் தெரியும்."

காட்ட வேண்டாம் என்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னார். தூக்கினவர்கள் அதிகம், தூக்காதவர்கள் கொஞ்சம். எப்போதும் போலத் திரை கட்டி, நாற்காலி போட்டு வெறும் துணிக்கு முன்னால் உட்காருவது, புரொஜெக்டர் மட்டும் போடுவதில்லை என்று முடிவானது. வீட்டில் டிவியில் பார்க்க விரும்புகிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம். மைதானத்தில் காட்டுவதில்லை.

நான் உள்ளே மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "இந்த ஒரு தடவ மட்டும் காட்டுங்க." இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நாக்கு வரைக்கும் வந்தது. செல்வத்தின் முகம் வாசலில் தெரிந்தது. அதோடு அந்த வார்த்தை திரும்பிப் போய்விட்டது. நூல்கண்டை எடுத்துப் பெட்டியில் வைத்தேன்.

4. முதல் வரிசை

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்ததும் திரை கட்டினார்கள். நான் போனேன். போக வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. கால் பழக்கத்தில் பின்பக்கம் போய் நின்றது. எதிரே கருப்புத் துணி, கதவைச் சாத்தின மாதிரி.

சுற்றிக்கொண்டு முன்னால் வந்தேன். முப்பது நாற்பது பேர்தான் இருந்தார்கள். முதல் வரிசையில் இடது ஓரம், கயிற்றுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் என் வீட்டுக்காரர் உட்காருவார். அதற்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் சொன்னது சரிதான். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

வெறும் வெள்ளைத் துணி. கம்பத்து விளக்கில் இரண்டு தையலும் நூல் பிடித்த மாதிரி நேராகத் தெரிந்தன. ஆட்டம் ஆரம்பிக்கிற நேரம் வந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். போனை எடுத்துப் பார்க்கக் கூடாது என்று அவர்களுக்குள் பேச்சு. கொஞ்ச நேரத்தில் பக்கத்துத் தெருவில் ஹோ என்று சத்தம் எழுந்தது. யாரோ கோல் போட்டுவிட்டான். எல்லோருடைய கழுத்தும் அந்தப் பக்கம் திரும்பியது. ஒருவர் எழுந்து, நின்று, மறுபடி உட்கார்ந்தார். எந்தக் கால், எந்த மூலை என்று கேட்கத் திரும்பினேன். பக்கத்து நாற்காலி காலி.

பெனடிக்ட் டீ கொண்டுவந்து கொடுத்தார். "இன்னாக்கா, முன்னாடி வந்துட்டீங்க?"

அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "ஒண்ணு சொல்லணும் தம்பி. கருப்புத் துணி வச்சா படம் பளிச்சுனு தெரியும்னு எனக்கு ஆரம்பத்துலயே தெரியும். வச்சா பின்னாடி எனக்குத் தெரியாதேன்னு உங்க யார்கிட்டயும் சொல்லல. துட்டு வாங்குனவனுங்களைத் திட்டுறீங்க. நானும் இத்தினி வருசமா உங்களை ஏமாத்திக்கினு தான் இருந்தேன்."

அவர் சிரித்தார். "அக்கா, புரொஜெக்டர்காரரு எங்ககிட்டயும் தான் சொன்னாரு. துணி வாங்கக் கிளம்பிட்டேன். உங்க வூட்டுக்காரரு தான் வந்து நின்னாரு. 'அதை வச்சா பாக்கியத்துக்கு ஆட்டம் தெரியாதுப்பா'ன்னாரு. சங்கத்துல சொன்னேன். சரி, மங்கலாவே பாத்துக்கலாம்னுட்டாங்க. மங்கல்னு கத்துறவன் கீறானே, அவன் கூட அன்னிக்கு கை தூக்கினவன் தான்."

டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

"மறுபடி எப்ப காட்டுவீங்க?" என்று கேட்டேன்.

"அவனுங்க திருந்தினா." கொஞ்சம் யோசித்தார். "நாலு வருசம் கழிச்சு, காட்டலாமான்னு மறுபடி கை தூக்கச் சொல்றேன்க்கா. அப்ப நீங்களும் தூக்கணும். அதுவரைக்கும் திரைய பத்திரமா வைங்க."

திரை இப்போது என் வீட்டில் இருக்கிறது. முதலாளி எனக்கே கொடுத்துவிட்டார். மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் வெயிலில் போடுகிறேன். கெட்டித் தையலை எல்லாம் பிளேடால் பிரித்துவிட்டு, கருப்புத் துணியை நீள நீளமான ஓட்டுத் தையலில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

புதிதாகத் தையலுக்கு வருகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மனது உறுதியாகிவிட்டது என்று நினைத்து எல்லா இடத்திலும் கெட்டித் தையல் போடாதீர்கள். பிரிக்க வேண்டி வரலாம் என்று தோன்றுகிற இடத்தில் ஓட்டுத் தையல் போதும். மறுபடி ஆட்டம் காட்டுகிற நாள் வந்து எனக்குத் தைரியம் இருந்தால் துணி அப்படியே இருக்கட்டும், முன்னால் போய் உட்காருகிறேன். இல்லாவிட்டால் கருப்புத் துணி ஒரே இழுப்பில் வந்துவிடும்.