அட்டையில் செய்த ஃப்ரிட்ஜ்

ஐம்பது வயதைத் தாண்டிய, நாலு புத்தகம் படித்த, அலுவலகத்தில் பிறர் எழுதியதைத் திருத்திச் சம்பளம் வாங்குகிற நான், அட்டைப்பெட்டியால் செய்த ஒரு ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்து, அதற்குள் இல்லாத பாலை எடுத்து, இடுப்பால் கதவைத் தள்ளிச் சாத்திப் பழகியிருக்கிறேன். ஒருமுறை அல்ல, ஒரு வாரம். எதிர் பால்கனிப் பஞ்சாபி ஆண்ட்டி இதைப் பார்த்துவிட்டு என் மனைவியிடம், "பாய் சாப் கீ தபியத் டீக் ஹை நா?" என்று விசாரித்திருக்கிறார். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று மனைவி சொன்னாளாம். மற்றதற்கு அவள் உத்தரவாதம் தரவில்லை.

பழைய ஃப்ரிட்ஜ் மார்ச் மாதக் கடைசியில் உயிரை விட்டது. ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வோர் ஈஸ்டரும் விடியற்கால ஆராதனை முடிந்ததும், ஊருக்குப் போக லீவு கிடைக்காத தமிழ் நர்ஸ் பெண்கள் தில்லி மயூர் விஹாரில் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்துவிடுவார்கள். இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். சிலர் நைட் டியூட்டி முடித்து அப்படியே வருவார்கள். என் மனைவி பாளையங்கோட்டைக்காரி, பள்ளிக்கூட டீச்சர். பரீட்சைப் பேப்பரைக் கூடச் சற்று முன்பின்னாகத் திருத்துவாள். அந்த ஒரு நாள் இட்லியில் மட்டும் சமரசம் கிடையாது.

"வீட்ட விட்டு வந்து கெடக்க பிள்ளைய. ஒரு நாளாவது வாய்க்கு ருசியாச் சாப்பிடணும். இந்த வெயில்ல மாவு வெளிய இருந்தா காடியாப் போயிரும். நீங்க எந்த ஃப்ரிட்ஜ் வேணாலும் வாங்குங்க. எனக்கு மாவுப் போணி சாயாம உள்ள போகணும், சாயாம வெளிய வரணும். அவ்ளோதான்."

போணி என்பது அவள் ஊர்ப் பேச்சில் பாத்திரம். எங்கள் வீட்டில் அந்தச் சொல் ஒரே ஒரு பாத்திரத்துக்குத்தான். அகன்ற, மூடி போட்ட, எவர்சில்வர் பூதம். நிறைய மாவு இருக்கும்போது அதைத் தூக்க ஒருவர் போதாது.

அவள் கேட்டது ஒரு வரி. நான் அதை ஒரு ஆராய்ச்சியாக மாற்றிக்கொண்டேன். சொன்னால் வெட்கம், எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அலுவலகத்தில், மெட்ரோவில், பல் தேய்க்கும்போது எல்லாம் ஃப்ரிட்ஜ் பற்றியே படித்தேன். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோது இந்த அக்கறை இருந்ததா என்று மனைவி கேட்டாள். அப்போது இத்தனை மாடல் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டாம்.

முதலில் என் மனம் போனது சைடு பை சைடு வகைக்கு. பீரோ மாதிரி இரண்டு கதவு, வெளியிலேயே தண்ணீர் வரும் குழாய். ஆனால் அதில் ஒவ்வொரு பாதியும் குறுகல், போணி தலையை நீட்டக்கூட முடியாது. மேலே ஃப்ரீசர், கீழே ஃப்ரிட்ஜ் என்ற வழக்கமான டபுள் டோரில் போணி அடித்தட்டில்தான் உட்காரும். மனைவியின் இடுப்பு அவ்வளவு தூரம் குனிய மறுத்துச் சில வருடங்கள் ஆகின்றன. ஃப்ரீசரைக் கீழே தள்ளி ஃப்ரிட்ஜை மேலே கொண்டுவந்த மாடல் ஒன்று இருந்தது. போணி இடுப்பு உயரத்தில் இருக்கும். அதைக் கண்டுபிடித்த அன்று நான் தூங்கவில்லை.

எங்கள் சமையலறை ரயில் பெட்டியின் நடைவழிபோல் நீளமானது, ஒல்லியானது. அதில் எந்த மூலையில் நிறுத்துவது, கதவு எந்தப் பக்கம் திறந்தால் அடுப்பை இடிக்காது என்பதைப் படம் வரைந்து பார்த்துத் திருப்தி வராமல்தான் அந்த அட்டை ஃப்ரிட்ஜைச் செய்தேன். கடைசியில் இடது மூலை, சுவரை ஒட்டி, என்று முடிவாயிற்று. போணியை அட்டைக்குள் வைத்து எடுத்தும் பார்த்தேன். அழகாகப் போய் வந்தது.

"அப்பா, ஃபர்ஸ்ட் ஒரு அட்டை அம்மா செஞ்சு டெஸ்ட் பண்ணியிருக்கலாமே" என்றாள் மகள். தில்லியில் பிறந்தவள். தமிழ் படிக்க வராது, குத்திப் பேச மட்டும் நன்றாக வரும்.

லக்ஷ்மி நகரில் ஒரு ஃப்ரிட்ஜ் கடைக்குப் போணியையே எடுத்துக்கொண்டு போனோம். மெட்ரோ ஸ்டேஷன் சோதனையில் காவலர் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார்.

"இஸ் மே க்யா ஹை?"

"குச் நஹீன்" என்றேன்.

ஒன்றும் இல்லையென்றால் எதற்குச் சுமந்துகொண்டு போகிறாய் என்று ஹிந்தியில் திருப்பிக் கேட்டார். நான் படித்த தத்துவப் புத்தகங்கள் எதிலும் இதற்குப் பதில் இல்லை.

கடையில் விற்பனைப் பையன்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு அவர்களுக்கும் வெறி பிடித்துக்கொண்டது. ஒருவன் கண்ணாடித் தட்டுகளைக் கழற்ற, ஒருவன் கதவைப் பிடிக்க, போணி ஃப்ரிட்ஜ் ஃப்ரிட்ஜாக ஏறி இறங்கியது. வாஷிங் மெஷின் வாங்க வந்த குடும்பம் ஒன்று நின்று வேடிக்கை பார்த்தது. கீழே ஃப்ரீசர் வைத்த அந்த மாடலுக்குள் போணி கச்சிதமாகப் போய் உட்கார்ந்தபோது யாரோ கை தட்டினார்கள். நானாகவும் இருக்கலாம்.

டெலிவரி ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம்தான் என்றார்கள். காலையிலேயே மாவை அரைத்தாயிற்று. தில்லி வெயில் தன் வேலையைச் செய்ய, மூன்று மணிக்கே மாவு பொங்கி மூடியைத் தொட்டது. மனைவி மூடியைத் தூக்கித் தூக்கி மோந்து பார்த்தாள். இனிமேல் தாமதித்தால் புளித்துவிடும்.

ஃப்ரிட்ஜ் வந்தது. கூலிக்காரர்கள் இருவர் நான் காட்டிய இடது மூலையில், சுவரை ஒட்டி, நான் சாக்பீஸால் போட்டிருந்த கோட்டுக்குள் இம்மி பிசகாமல் நிறுத்தினார்கள். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கதவைத் திறந்தாள். கதவு பாதி திறந்து, சுவரில் இடித்து நின்றது.

"இன்னுங் கொஞ்சம் தெறங்க" என்றாள் என்னிடம்.

"அவ்வளவுதான் திறக்கும்" என்றேன், நானும் இழுத்துப் பார்த்துவிட்டு.

கதவின் உட்பக்கம் பாட்டில் வைக்கும் தட்டுகள் முட்டிக்கொண்டு நின்று வழியில் பாதியை அடைத்தன. நானும் மகளும் ஆளுக்கொரு பக்கம் மாவோடு போணியைத் தூக்கி நேராக நுழைத்துப் பார்த்தோம், கோணலாக நுழைத்துப் பார்த்தோம். லேசாகச் சாய்த்ததில் மாவு என் சட்டையில் வழிந்தது.

"அட்டையிலே போச்சே!" என்றேன்.

"அட்டை வளையும் அப்பா" என்றாள் மகள். "இது இரும்பு."

கதவை மறுபக்கம் மாற்றிப் பொருத்த முடியுமா என்று கேட்டேன். இந்த மாடலில் முடியாது சாப், என்றார் வந்தவர்களில் மூத்தவர். முன்னால் இழுத்துப் போட்டால் கதவு திறக்கும். ஆனால் அடுப்புக்குப் போக ஃப்ரிட்ஜின் மேல் ஏறித்தான் போக வேண்டும்.

மனைவி ஹாலை எட்டிப் பார்த்தாள். ஏர் கூலருக்கான பிளக் பாயிண்ட் இருக்கும் சுவரில்தான் என் புத்தக அலமாரி நின்றது.

"ஹால்ல வைங்க பையா. ஜல்தி" என்று கூலிக்காரர்களிடம் பாதித் தமிழும் பாதி ஹிந்தியுமாகச் சொன்னாள்.

"ஹாலிலா?" நான் அதிர்ந்துபோனேன். ஃப்ரிட்ஜை நடுவீட்டில் நிறுத்தி வருகிறவர்களுக்குக் காட்டுவதைப் பற்றி நான் நண்பர்களிடம் எவ்வளவு கேலி பேசியிருக்கிறேன். "வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"வாற பிள்ளைய இட்லி எப்படி இருக்குன்னு நெனைக்கும். அலமாரியத் தள்ளுங்க."

தள்ளினோம். கூலிக்காரர்களும் நானும் மகளும் அலமாரியோடு ஹாலில் சுற்றி வந்த சுற்று ஒரு தேரோட்டம். ஃப்ரிட்ஜ் போய் நின்றது, கதவு தாராளமாக முழு வீச்சில் திறந்தது, போணி நேராக, ஒரு சொட்டுச் சிந்தாமல் உள்ளே போனது. மகள் விசில் அடித்தாள். எனக்கு உடம்பெல்லாம் மாவு, ஆனாலும் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அலமாரிக்கு வேறு இடம் இல்லாததால் சமையலறையின் இடது மூலைக்குப் போயிற்று, என் சாக்பீஸ் கோட்டுக்குள் சரியாகப் பொருந்தியது. இன்று என் புத்தகங்கள் எல்லாவற்றிலும் பெருங்காய வாசனை.

மறுநாள் காலை பெண்கள் வந்தார்கள். செருப்புகள் படிக்கட்டு வரை. இட்லி பூப்போல வந்திருந்தது. நான் சும்மா இருக்க முடியாமல் ஒவ்வொருவராக அழைத்துக் கதவைத் திறந்து காட்டினேன். காய்கறிக்குத் தனி ஈரப்பதம், உள்ளே வெளிச்சம், இடுப்பு உயரம். ஒரு பெண் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "எங்க லேப்லயும் இது மாதிரிதான் அங்கிள். யூரின் சாம்பிள் வைப்போம்" என்றாள்.

மனைவி அதை எல்லாம் காதில் வாங்கவில்லை. இட்லித் தட்டோடு நின்றவள், தூக்கம் சொக்கும் கண்ணோடு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த திருநெல்வேலிப் பெண்ணைப் பார்த்து, கொஞ்சம் பயத்தோடுதான், கேட்டாள்:

"ஏ பிள்ள, மாவு புளிக்கலேல்லா?"

"இல்லக்கா, கொஞ்சங்கூட புளிக்கல" என்றாள் அவள், இன்னொரு இட்லிக்குத் தட்டை நீட்டிக்கொண்டே. "போன வருசம் லேசாப் புளிச்சிருந்துச்சில்லா, அப்படியே எங்கம்மா அவிக்க மாதிரி. அது மாதிரி வராதுக்கா."