விழுப்புரம் பக்கம் திரும்பிய கல்

எங்கள் வீட்டுக் கல் தானாகத் திரும்பும். சொன்னால் சிரிக்கிறார்கள். அந்தக் கல்லால் உதை வாங்கியவள் நான். சிரிப்பதென்றால் முதலில் நான்தான் சிரிக்க வேண்டும்.

திண்டிவனத்தில் எங்கள் வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் மேடையில் அது கிடந்தது. ஒரு முழ நீளம். ஒரு முனை கூர். திருவக்கரையில் மரமெல்லாம் கல்லாகிக் கிடக்கிற இடத்திலிருந்து அப்பா தூக்கி வந்தது. எடுக்கக் கூடாது என்று அங்கே பலகை வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்குப் பலகை படிக்கிற பழக்கமில்லை. அது மரமே இல்லை, காளியம்மன் கொன்ற அசுரனின் எலும்பு என்று மஞ்சள் பூசி வைத்தார். யாராவது தொட்டால் கை கோணிக்கொள்ளும் என்றார். தூக்கி வந்த உங்கள் கை ஏன் கோணவில்லை என்று கேட்டேன். முதுகில் ஒன்று விழுந்தது.

ஒருநாள் காலை கல்லின் கூர்முனை விழுப்புரம் பக்கம் திரும்பியிருந்தது. மேலே வெள்ளையாகத் தூள். விபூதி பூத்திருக்கிறது என்று அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதையே நெற்றியில் பூசிக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினார். அவருக்குத் தண்ணீர் மோட்டார் விற்கிற வேலை. அன்று விழுப்புரத்தை ஒட்டிய கோலியனூரில் இரண்டு மோட்டார் விற்றது. போதாதா? அதற்குப் பிறகு கல் திரும்பினால் அப்பா கிளம்பிவிடுவார், பொழுது சாயும்போதுதான் வருவார். மாதத்தில் இரண்டு மூன்று முறை கல் திரும்பும்.

ஒரு புதன்கிழமை கல்லை நம்பிப் போனவர் ஒன்றும் விற்காமல், மழையில் நனைந்து, செருப்பு அறுந்து வந்தார். அசுரன் தப்பாகச் சொல்லமாட்டான், ஆகவே திருப்பியது நான்தான் என்று முடிவு செய்தார். நான் படித்துக்கொண்டிருந்த மர்ம நாவலைப் பிடுங்கி பீரோவில் பூட்டினார். மந்திரச் சாவி, காணாமல்போன சித்தி என்று போகிற கதை. கடைசி இருபது பக்கம் பாக்கி.

“உண்மைய ஒத்துக்க. இல்லன்னா லீவு முடிஞ்சதும் ஹாஸ்டல்தான்.”

செய்யாததை ஒத்துக்கொள்ள எனக்கு வராது. இன்றைக்கும் வராது. காலாண்டு விடுமுறை தொடங்கியதும் தினமும் விடியற்காலையில் ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்து உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் பிடித்துவிட்டேன். அப்பாவின் தங்கை, கல்யாணமாகாத என் அத்தை, வாசலில் கோலம் போட்டு முடித்தாள். அந்தக் கையோடு கல்லைப் பிடித்து அலுங்காமல் திருப்பினாள். அப்பா இத்தனை நாள் நெற்றியில் பூசிக்கொண்டது கோலமாவு.

வெளியே போய்க் கேட்டேன். அத்தைக்கு முகம் வெளுத்தது. ஒரு நொடிதான். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“நான் எங்கடி திருப்புனேன்? அதுதான் என் கையப் புடிச்சி இழுத்துக்கினு திரும்புது. உங்கப்பா கிட்ட சொன்னன்னா, என்ன இட்டுக்கினு போயி வேப்பிலை அடிப்பாரு.”

நம்பினேன். பன்னிரண்டு வயது, அதிலும் அந்த மாதிரி நாவல் படிக்கிறவள். சொன்னால் அத்தைக்கு வேப்பிலை. சொல்லாவிட்டால் எனக்கு ஹாஸ்டல். அத்தை உள்ளே போனதும் நானே கல்லைப் பிடித்து, கூர்முனை எங்கள் வீட்டைப் பார்க்கிற மாதிரி திருப்பிவிட்டேன். கை கோணவில்லை.

செருப்பு மாட்ட வந்த அப்பா கல்லைப் பார்த்தார். இன்றைக்கு வீட்டிலேயே இரு என்று உத்தரவு வந்திருப்பதாகச் சொல்லி, வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பரை விரித்தார். அத்தை செல்போனைத் தேடி ஓடினாள். அதில் சார்ஜ் இல்லை. வீட்டில் கரண்டும் இல்லை.

பத்தரை மணிக்குக் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் கையில் பூப்பொட்டலத்தோடு கேட்டைத் திறந்து வந்தார். எங்கள் கேட்டை லேசாகத் தூக்கித்தான் திறக்க வேண்டும். தூக்கித்தான் திறந்தார். அப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றார். யார் என்ன என்று அப்பா விசாரித்தார். மோட்டார் பார்க்க வந்ததாகச் சொன்னார்.

“கெணறா, போரா?”

“ரெண்டும் இல்லீங்க. மாடி வீடு. வாடகைக்கு இருக்கறன்.”

வாடகை வீட்டுக்காரனுக்கும் மோட்டார் விற்கலாம் என்று அப்பா அன்று நிரூபித்தார். ஐந்து ஏக்கருக்குப் பாய்கிற மோட்டார். பூ எதற்கு என்று கேட்டதற்கு, கல்லுக்கு என்று சொல்லி அவர் கல்லுக்கே வைத்தார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வீடு தேடி ஆள் அனுப்புகிற அசுரன் திருப்பியதை மகள் திருப்பியதாக நினைத்தோமே என்று வருந்தி, அன்று மாலையே என் நாவலைத் திருப்பிக் கொடுத்தார். ஹாஸ்டல் பேச்சும் போனது.

அத்தை ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அசுரனிடமிருந்து காப்பாற்றியவளுக்கு இதுதானா மரியாதை என்று எனக்கு ஆத்திரம். இரண்டு வருடம் கழித்து, பெரிய சண்டைக்கெல்லாம் பிறகு, கட்டம் போட்ட சட்டைக்காரர் எனக்கு மாமாவானார். அந்த மோட்டார் இன்னும் அவர்கள் வீட்டில் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது.

அத்தை விஷயம் அந்தக் கல்யாணத்தோடு எனக்குப் புரிந்துவிட்டது. புரியாதது வேறு. அன்று அப்பா விலை பேசிக்கொண்டிருந்தபோது அம்மா இரண்டு டம்ளர் காப்பி கொண்டுவந்தாள். பெரிய துப்பறிகிறவள் மாதிரி நானும் பக்கத்திலேயேதான் நின்றேன். அப்பாவுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, முன்பின் தெரியாத அந்த ஆளிடம் மற்றதை நீட்டினாள் அம்மா.

“உங்களுதுல சக்கர போடலீங்க.”