லேபிள் ஒட்டாத புட்டி

ஐம்பதுகளின் தொடக்கம். சென்னையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் நான் ஆராய்ச்சி மாணவன். எண்ணூர் கழிமுகத்து நண்டுகள் எந்தெந்த மாதம் முட்டையிடுகின்றன என்பது என் ஆராய்ச்சி. அடுத்த மேஜையில் ராயபுரத்து ரயில்வே தொழிலாளி ஒருவரின் மகள். அவள் எடுத்துக்கொண்டது மடவை மீனின் சினைப்பருவம். எங்கள் இருவரில் ஒருவரைத்தான் வெளிநாட்டு மேல்படிப்புக்குப் பேராசிரியர் சிபாரிசு செய்வார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அவளைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். நான் முழங்கால் சேற்றில் அலைந்தாலும் ஒன்றிரண்டு வெற்று நண்டுதான் அகப்படும். அவள் கரையில் போய் "இன்னாம்மே, சொகமா கீறியா?" என்று உட்கார்ந்தால் போதும், கூடை நிறையச் சினை மீன். அவள் வரைந்த படங்களைப் பேராசிரியர் என் மேஜைக்கே கொண்டுவந்து காட்டி, "எவ்வளவு சுத்தம் பார்த்தீரா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வேலையில் பன்னிரண்டு மாதமும் விடாமல் மீனை அறுத்துப் பார்க்க வேண்டும். ஒரு மாதம் தவறினால் அடுத்த வருஷம் அதே மாதம் வரை காத்திருக்க வேண்டியதுதான். சினை முற்றும் மார்கழியில் அவளுக்கு அம்மை போட்டது. எல்லோரும் ஐயோ பாவம் என்றார்கள். நானும் சொன்னேன். உள்ளுக்குள் ஒரே குஷி.

அந்த வாரம் நண்டுக்காக எண்ணூர் போனபோது, அவளுக்கு வழக்கமாக மீன் கொடுக்கும் அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா நைனா, நம்ம பொண்ணு வர்லியா?"

"அம்மை போட்டிருக்கு."

"ஐய! அதான் உன்னை அனுப்பிச்சிதா? நல்ல மனசு நைனா உனுக்கு. வவுத்தத் தொட்டுப் பாத்து சினை கீறதா எடுத்து வச்சிகினு கீறேன், புடி."

ஓலைப்பெட்டியை வாங்கிக்கொண்டு ரயிலேறினேன். வழியில் எங்காவது வீசிவிட வேண்டும் என்பதுதான் எண்ணம். ஆனால் ரயில்பெட்டி நிறையச் சனம். ஆய்வுக்கூடத்துக்கே கொண்டுவந்து ஒரு மீனைச் சும்மா அறுத்துப் பார்த்தேன். அப்பப்பா, என்ன சினை! அதைக் குப்பையில் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. அத்தனையையும் ஃபார்மலினில் போட்டு, லேபிள் ஒட்டாமல் என் நண்டுப் புட்டிகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அவளிடம் சொல்வதாக இல்லை.

தலைக்குத் தண்ணீர் விட்ட மறுநாளே அவள் எண்ணூருக்கு ஓடியிருக்கிறாள். திரும்பி வந்து என் முன்னால் நின்றாள். முகமெல்லாம் தழும்பு, கண்ணில் நீர்.

"சார், எனக்காக நீங்க போய் மீன் வாங்கி வச்சீங்களாமே!"

புட்டியை எடுத்துக் கொடுத்தேன். வேறு வழி?

"லேபிள் ஒட்டலியா சார்?"

"உங்க கையெழுத்தில் இருக்கட்டுமேன்னுதான்" என்றேன். பொய் எவ்வளவு சரளமாக வந்தது!

சிபாரிசு அவளுக்குத்தான் கிடைத்தது. நான் கல்லூரி வாத்தியாரானேன். அவளுடைய ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் எனக்கு நன்றி சொல்லியிருந்தாள். 'தன் வேலையை விட்டுவிட்டு என் மாதத்தைக் காப்பாற்றிய நண்பருக்கு' என்று. உண்மையை நான் அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை. அவளைப் பார்த்துப் பட்ட பொறாமை எப்போதோ ஆறிவிட்டது. அவள் நன்றி சொன்னாளே அந்த நல்ல மனிதன், அவன்மேல்தான் எனக்கு இன்றைக்கும் பொறாமை.