கார்வான் இரண்டும் ஆடித் தள்ளுபடியும்

ராஜமாணிக்கத்துக்கு எதுவும் லேசில் பிடிக்காது. திருவண்ணாமலையில் புதிதாக ஓர் ஓட்டல் திறந்தால் ஊரே போய்ச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு வரும். இவர் மட்டும் சாம்பாரைக் கரண்டியால் துழாவிப் பார்த்து, "பருப்பு இன்னாப்பா, லீவுல போயிருக்குதா?" என்று சர்வரைக் கேட்பார். வேங்கிக்காலில் மனை மலிவாகக் கிடைத்தபோது, "அந்தக் காட்டுல எவன் போயி குடியிருப்பான்" என்று சொன்ன புண்ணியவானும் இவர்தான். இப்போது கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனை விலை கேட்டுவிட்டு வந்தால் இவருக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை. அருணாதேவியைப் பெண் பார்த்துவிட்டு வந்தும் பஜ்ஜி ஆறிப்போயிருந்தது என்று நான்கு மாதம் பதில் சொல்லாமல் இழுத்தடித்தார். அதற்குள் அங்கே வேறு வரன் பேசி முடித்துவிட இருந்தார்கள். அந்த மாப்பிள்ளையின் ஜாதகம் பொருந்தாமல் போனதால் இவர் பிழைத்தார்.

தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் அவருக்கு ஒரு கடை. ஜெராக்ஸ், டைப்பிங், கல்யாணப் பத்திரிகை, பில் புக். கடையில் எதிரும் புதிருமாக இரண்டு கம்ப்யூட்டர்கள், நடுவில் ஒரு கேபிள். அந்தக் கேபிள் கல்யாணப் பத்திரிகைக்காகப் போட்டது என்று அருணாதேவியிடம் சொல்லி வைத்திருந்தார். அது போட்டது 'வால்ஸ் ஆஃப் கார்வான்' என்ற சண்டை ஆட்டத்துக்காக.

ஆட்டம் இதுதான். ஆளுக்கு ஒரு ராஜ்ஜியம். வயல் உழவேண்டும், கல் உடைக்கவேண்டும், கோட்டை கட்டவேண்டும், படை திரட்டி எதிராளியின் கோட்டையை இடிக்கவேண்டும். எதிராளி பரசுராமன். கீழ்பென்னாத்தூரில் உரக்கடை வைத்திருப்பவர். இவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி இருவருக்கும் யுத்தம். பௌர்ணமியன்று ஊருக்குள் கிரிவலக் கூட்டம் நெரியும். வந்தவர்கள் கற்பூரம் வாங்குவார்கள், தேங்காய் வாங்குவார்கள். பில் புக் அடிக்க ஒருத்தரும் வரமாட்டார். பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள் என்பதால் பரசுராமன் அங்கிருந்து நடந்து, கூட்டத்தில் இடிபட்டு, சட்டை நனைந்து மதியத்துக்கு வந்து சேர்வார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இருவரும் உட்கார்ந்துவிடுவார்கள்.

"ஊரு உலகமே மலைய சுத்துது, இவங்க ரெண்டு பேரு மட்டும் டிவிப் பொட்டி முன்னால குந்திகினு கோட்ட கட்றாங்க" என்று அருணாதேவி திட்டிக்கொண்டே டீ கொண்டுவந்து வைப்பாள்.

ராஜமாணிக்கம் மதில் மேல் மதிலாகக் கட்டிக்கொண்டே போவார், சண்டைக்குப் போகமாட்டார். பரசுராமன் ஐந்து குதிரை சேர்ந்ததும் பாய்ந்து வந்து செத்துப்போவார். உண்மையில் ஆடியதைவிட இருவரும் அந்த ஆட்டத்தைத் திட்டியதுதான் அதிகம். "டேய், இந்தச் சிப்பாய பாரு, எதிரி வந்து நிக்கறான், இவன் வெறவு பொறுக்கினு இருக்கறான்!" "மாடு மேய்க்கக்கூட லாயக்கில்லடா இவன்!" சிரித்துச் சிரித்து டீ ஆறிவிடும்.

அப்படி இருக்கையில், இரண்டாயிரத்து நான்காம் வருஷம் பங்குனியில் கார்வான் இரண்டு வந்தது. கோபியின் கம்ப்யூட்டர் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று பெட்டி. விலை ஆயிரத்து இருநூறு. ஒரு பெட்டிக்கு ஒரு கம்ப்யூட்டர்தான். இருவர் ஆட இரண்டு பெட்டி வேண்டும். பஜாரில் விற்கிற திருட்டு சி.டி. தட்டில் ஒற்றை ஆளாகத்தான் ஆட முடியும். பழைய ஆட்டத்துக்கும் புதியதற்கும் ஒட்டாது.

"ஆளுக்கு ஒண்ணு வாங்கிடலாம்டா" என்றார் பரசுராமன் போனில்.

"ஆயிரத்து எரநூறா? அந்தத் துட்டுக்கு நல்ல சைக்கிளே வாங்கலாம். ரெண்டாம் பாகம்னு எது வந்து உருப்பட்டுருக்குது? பழைய கள்ளு, புது மொந்தை."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அருணாதேவி, "நான்கூட எங்க வீட்ல ரெண்டாவது பொண்ணுதாங்க" என்றாள். ராஜமாணிக்கம் காதில் விழாதது போல இருந்துவிட்டார்.

ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த மாதிரித் தட்டைப் போட்டுப் பார்த்தார். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவருக்கு அவல் கிடைத்துவிட்டது. அதே ஆறு, நிறம் மட்டும் மாறியிருந்தது. அதே மலை, இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் போயிருந்தது. எல்லாவற்றுக்கும் மேல், குதிரை மதில் சுவருக்குள் பாதி புகுந்து மாட்டிக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தது. ராஜமாணிக்கம் பூரித்துப்போனார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்து அந்தக் குதிரையைக் காட்டினார். பட்டா நகல் எடுக்க வந்த ஒரு கிழவர், "பாவம், அதுக்கு இன்னா வலியோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு நேராகக் கோபியின் கடைக்குப் போனார். "ஆடிக்குக் கம்மி பண்ணுவீங்களா?"

கோபி சிரித்தான். "சார், இது இன்னா பட்டுப் பொடவையா? கம்ப்யூட்டர் கேமுக்கு யாரு சார் ஆடித் தள்ளுபடி போடுவாங்க?"

"போடுவ. விக்காத சரக்குக்கு ஆடியும் ஒண்ணுதான், அமாவாசையும் ஒண்ணுதான். பாத்துகினே இரு."

சித்திரைப் பௌர்ணமிக்குப் பரசுராமன் வந்தபோது கையில் பெட்டி இருந்தது. முழு விலை கொடுத்து வாங்கியிருந்தார். மேஜைமேல் வைத்துவிட்டு இவர் முகத்தைப் பார்த்தார். ராஜமாணிக்கம் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அட்டையில் போட்டிருந்த வாக்கியம் ஒவ்வொன்றையும் வக்கீல் குறுக்கு விசாரணை செய்வது போலக் கிழித்தார். மாதிரித் தட்டின் குதிரைக் கதையைச் சொன்னார். பரசுராமன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சரிடா, நீயும் ஒண்ணு வாங்கு. ஆடிப் பாக்கலாம்."

"ஆடி வரட்டும்."

"அதுக்கு மூணு மாசம் இருக்குதேடா!"

"இருக்கட்டுமே. ஏமாளிங்க மொதல்ல வாங்குவானுங்க. நாம கடைசில வாங்குவோம்."

ஏமாளி என்ற வார்த்தை பரசுராமன் முகத்தில் பட்டது. அன்று பழைய ஆட்டத்தையே ஆடினார்கள். பரசுராமன் குதிரைகளை வேண்டாவெறுப்பாக அனுப்பினார். இருட்டுவதற்குள் எழுந்து, பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

வைகாசிப் பௌர்ணமிக்கு அவர் வரவில்லை. உர லோடு வருகிறது என்றார். ஆனிப் பௌர்ணமிக்கும் வரவில்லை. விசாரித்தபோது, வேங்கிக்காலில் ஆதவன் என்று ஓர் இளம் ரெவின்யூ ஆள் இருக்கிறான், அவனும் கார்வான் இரண்டு வாங்கியிருக்கிறான், பரசுராமன் அங்கே போகிறார் என்று தெரிந்தது.

"போகட்டும்" என்றார் ராஜமாணிக்கம். "குதிர செவுத்துல மாட்டும்போது புத்தி வரும்."

"உங்களுக்குப் பொறாமை" என்றாள் அருணாதேவி.

"எனக்கா? அந்தக் குப்பைக்கா?"

"குப்பைக்கு இல்லீங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அவர் யாருடைய கல்யாணப் பத்திரிகையையோ திருத்திக்கொண்டிருந்தார். அதில் மணமகன் பெயரை இரண்டு தடவை தப்பாக அடித்தார்.

ஆடி பிறந்தது. ஜவுளிக் கடை போர்டு வைத்தது, பாத்திரக் கடை போர்டு வைத்தது. விற்காத பெட்டிகளைத் தினமும் துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்துபோன கோபியும் ஒரு போர்டு வைத்தான்: பாதி விலை. ராஜமாணிக்கம் அந்தச் செய்தி கேட்டதும் ஜெராக்ஸ் மெஷினை ஓடவிட்டுவிட்டே கிளம்பினார். ரூபாயை எண்ணிக் கொடுத்தபோது அவர் முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட வராத களை.

"நான் இன்னா சொன்னேன்?"

"நீங்க சொன்னதுதான் சார்" என்றான் கோபி கடுப்போடு.

உடனே உரக்கடைக்குப் போன் போட்டார். "டேய், வாங்கிட்டேன்! பாதி வெலை! பௌர்ணமிக்கு வந்துடு, உன் தட்டையும் எடுத்துகினு வா."

"வரேன்டா" என்றார் பரசுராமன்.

ஆடிப் பௌர்ணமி மதியம் ராஜமாணிக்கம் ஷட்டரைப் பாதி இறக்கி, எதிர் நாற்காலியில் இருந்த நோட்டீஸ் கட்டுகளை எடுத்துக் கீழே வைத்து, டீக்கும் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். பரசுராமன் வந்தார். வேட்டி கட்டியிருந்தார். செருப்பில்லை. வாசலில் அவர் மனைவி திரௌபதியும் ஓர் இளைஞனும் நின்றார்கள்.

"மலை சுத்தப் போறோம். ஆதவனும் வரான். உன்னைப் பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்."

"தட்டு எங்கடா?"

"அதை எப்பவோ தூக்கிப் போட்டுட்டேன். கண்றாவி ஆட்டம். நீ சொன்ன மாதிரியே குதிர செவுத்துல மாட்டுது. ஆதவனுக்கும் வெறுத்துப்போச்சு."

ராஜமாணிக்கத்துக்குச் சிரிப்பு வந்தது, ஜெயித்த சிரிப்பு. "அப்பவே சொன்னேனா இல்லையா? முழு வெலை குடுத்துட்டு நின்ன பாரு!"

"டேய் ராஜா" என்றார் பரசுராமன். குரலில் கோபமில்லை. "அது மட்டமுன்னு எனக்கும் தெரியும்டா. கோபி கடையில போட்டுக் காட்டும்போதே பாத்துட்டேன். நல்லா இருக்குதுன்னா நான் வாங்குனேன்? நாம ரெண்டு பேரும் குந்திகினு திட்டலாம்னு வாங்குனேன்."

ராஜமாணிக்கம் தன் புதுப் பெட்டியை மேஜையின் ஓரத்துக்குத் தள்ளினார். "பழசு இருக்குதுடா, போடட்டுமா?" என்றார்.

"அவங்க நிக்கறாங்க. நேரமாச்சு. நீயும் வாயேன், நடந்துட்டு வருவோம்."

"இந்தக் கூட்டத்துலயா? எவன் போவான்?" என்று பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. பரசுராமன் அவர் தோளைத் தட்டிவிட்டுக் குனிந்து ஷட்டருக்கு அடியில் வெளியேறினார்.

இரண்டு டீ வந்தது. ராஜமாணிக்கம் பெட்டியைப் பிரித்து, தட்டைப் போட்டு, ஒற்றை ஆளாக ஆட ஆரம்பித்தார். வயல் உழுதார், கல் உடைத்தார், மதில் கட்டினார். முதல் குதிரை லாயத்திலிருந்து வந்தது. நேராகப் போய் மதிலுக்குள் பாதி புகுந்து மாட்டிக்கொண்டது. அது மட்டுமல்ல, அதன்மேல் இருந்த வீரன் சுவருக்கு அந்தப் பக்கம் தலையை மட்டும் நீட்டி, எதிரி வருகிறான் என்று கத்திக்கொண்டிருந்தான். மாதிரித் தட்டில்கூட இப்படி ஒரு கூத்து இல்லை.

"டேய், இங்க பாருடா இவன!" என்று சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார்.

எதிரே கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. நாற்காலிக்கு முன்னால் டீயில் ஏடு படிந்திருந்தது. ஷட்டருக்கு அடியில் கால்கள் போய்க்கொண்டே இருந்தன, எல்லாம் வெறுங்கால்கள். அவற்றில் பரசுராமன் கால் எது என்று குனிந்து பார்த்தார்.